மரத்தோடு தூங்கப் போனவள்

கார்த்திகை மாதம் ஐந்தாம் தேதி மத்தியானம், கஞ்சி குடித்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் மனைவி திரேசம்மா தொட்டி மரத்தோடு சேர்ந்து தூங்கப் போனாள். மரம் என்றால் முழங்கால் உயரம். ஜப்பான் மேப்பிள், வெட்டியும் வளைத்தும் தொட்டியிலேயே குட்டையாக நிறுத்தினது. தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் அதற்கு என்ன வேலை என்று வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டுவிட்டான். ஒரு தடவை சொல்கிறேன்.

கரடிக்கல் எஸ்டேட்டில் நாற்பத்திரண்டு வருஷம் கவ்வாத்து வெட்டினவன் நான். தேயிலைச் செடியை விட்டால் மரமாகிவிடும், நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்க வேண்டும், அதுதான் கவ்வாத்து. அந்த மேப்பிள், எந்தக் காலத்திலோ இருந்த ஒரு துரை ஜப்பானிலிருந்து கொண்டுவந்து பங்களா வாசலில் வைத்த மரம், பின்னால் வந்த துரை அழகாயிருக்கிறதென்று பட்டணத்து ஆபீசுக்கு அனுப்பிய மரம், அங்கே ராத்திரி எது பகல் எது என்று தெரியாத விளக்கின் கீழே பதினோரு வருஷம் நின்ற மரம். ஒரு பனிக்காலம் காணாமல், ஒரு தடவைகூட இலையை முழுக்கக் கொட்டிவிட்டு ஓய்ந்து நிற்காமல், தளிர் விடுவதும் தளிர் கருகுவதும் மறுபடி தளிர் விடுவதுமாகக் களைத்துக் களைத்து, போன ஆடி மாத மழையில் லாரியில் திரும்பி வந்தது. பங்களா பட்லர் ஏசுவடியான் அதைக் குப்பைக் குழியில் போடச் சொன்னார். நான் பட்டையை மோந்து பார்த்தேன். சாகவில்லை. தூக்கிக்கொண்டு வந்தேன்.

இந்த ஜாதி மேப்பிளுக்குப் பட்டை வழவழப்பாக இருக்காது. வறண்ட ஏரி மாதிரி வெடித்து, வெடித்தது பாளம் பாளமாக மேலே எழும்பி நிற்கும். விரல் வைத்தால் உரசும். வயசாக வயசாகக் கரடு கூடும், அதுதான் அதற்குப் பெருமை. தெரியாதவன் சொறி என்று நினைத்துச் சுரண்டுவான். பட்டணத்தில் எவனோ ஒரு பக்கம் சுரண்டியும் இருந்தான். கிளையை வளைக்கக் கட்டின செம்புக் கம்பியை அவிழ்க்க மறந்து, அது கிளைக்குள் புதைந்து கிடந்தது. பிடுங்கினால் பட்டையோடு வரும். ஆகையால் சுற்றுக்குச் சுற்று நறுக்கித் துண்டு துண்டாக எடுத்தேன், மூன்று நாள் ஆயிற்று. மண் சிமெண்டு மாதிரி இறுகி, வேர் போக இடமில்லாமல் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்திருந்தது. அழுகின வேரை மட்டும் வெட்டினேன், நல்லதைத் தொடவில்லை. டீப்பெட்டிப் பலகையில் ஒரு தொட்டி அடித்து, பொடிக்கல்லும் ஆற்று மணலும் மக்கின இலையும் சலித்துப் போட்டு நட்டேன். உரம் போடவில்லை. காய்ச்சல்காரனுக்கு யாராவது பிரியாணி போடுவார்களா?

காற்று அடிக்காத இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு: பின் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே. அது திரேசம்மா உட்காரும் இடம்.

அவள் அங்கே உட்கார்ந்து பதினோரு வருஷம். அவள் உட்கார ஆரம்பித்த வருஷத்துக் கார்த்திகை மழையில் பின்னாலிருக்கிற மலை இறங்கி லைனின் கடைசி இரண்டு வீட்டைக் கொண்டுபோயிற்று. ஒன்றில் அவள் தங்கச்சி ஞானசுந்தரி இருந்தாள். மலை அரைகிற சத்தம் திரேசம்மாவுக்கு முதலிலேயே கேட்டிருக்கிறது; ஃபாக்டரியில் இலை உருட்டுகிற மிஷின் என்று நினைத்துப் படுத்தே இருந்துவிட்டாள். அன்றிலிருந்து படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து மலையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பகலில் கோழி மாதிரி உட்கார்ந்தபடி கண்ணை மூடித் திறப்பாள், அவ்வளவுதான் தூக்கம். இருபத்திரண்டு வீடும் அந்த முழிப்பின் மேல் படுத்துத் தூங்கின. மழை பிடித்தால் பெண்கள் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டு, அக்கா முழிச்சிருக்கு என்று சொல்லி விளக்கை அணைப்பார்கள். அவளிடம் யாரும் கேட்டு வைத்த காவல் இல்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை. நானும் தூங்கினேன்.

மரத்தைக் கொண்டுபோய் வைத்த அன்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் தூங்கலையா?"

"பதினோரு வருஷமா."

டம்ளரை நகர்த்தி வைத்து அதற்கு இடம் விட்டாள்.

ஐப்பசியில் இலை சிவக்கத் தொடங்கியது. அடுப்புக் கங்கை ஊதினால் ஓரத்திலிருந்து சிவக்குமே, அந்த மாதிரி. லைன் மொத்தமும் வந்து பார்த்தது. கார்த்திகை ஐந்தாம் தேதி மத்தியானம், காற்றே இல்லாமல், மொத்த இலையும் ஒரு சேரக் கொட்டியது. திரேசம்மா அதைக் கூட்டி முறத்தில் அள்ளி வெளியே போட்டுவிட்டு வந்தாள், கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்றாள், சாய்ந்தாள்.

முதல் நாள் தூங்கட்டும் என்று விட்டோம். இரண்டாம் நாளும் விட்டோம். மூன்றாம் நாள் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் பெஞ்சமின் வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நாடியைப் பிடித்தார். நிமிஷத்துக்கு ஒன்பது. எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி இன்னொரு கையால் மரத்தின் அடியைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சில்லிப்பு என்றார். நோயா, லீவா, எதை எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓய்வு என்று எழுதிக்கொண்டு போனார். பங்குச்சாமியார் வந்தார், சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய் இதற்குச் சரிப்படாது என்று திருப்பி எடுத்துக்கொண்டு, ராத்திரி படுக்கப்போகையில் சொல்லுகிற ஜெபத்தைக் காலை பதினோரு மணிக்குச் சொன்னார். மாரியம்மன் கோயில்காரர்கள் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கிக் குழாயை எதிர் மலைக்குத் திருப்பிக் கட்டினார்கள். லைனில் இருமுகிறவன் துண்டுக்குள் இருமினான். ரேஷன் கடைக்காரர் கைரேகை இல்லாமல் அரிசி போடமாட்டேன் என்று நின்று, கடைசியில் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இரண்டு தடவை மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை ஒத்துக்கொண்டது. தூங்குகிறவர்களுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டேன். ஆள் இருந்தால் உண்டு என்றார்.

கஞ்சி ஊட்டிப் பார்த்தோம், இறங்கவில்லை. ஆனால் நான் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றின நாளில் அவள் உதடு ஈரமாக இருந்தது. ஊற்றாத நாளில் காய்ந்திருந்தது. இதை நான் ஏன் வெளியே சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதுதான் தப்பு. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் போகையில் ஒரு சொம்பு, வருகையில் ஒரு சொம்பு, அக்காவுக்குத் தாகமாயிருக்கும் என்று ஆளாளுக்கு ஊற்றினார்கள். ஒருத்தி இளநீர் ஊற்றினாள், ஒருத்தி கருப்பட்டி கரைத்து ஊற்றினாள், இப்போது கடைசியாக நிற்கிற வீட்டுப் பூங்காவனம் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்து நின்றாள். ஒரு வாரத்தில் திரேசம்மாவின் கால் இரண்டும் நீர் கோத்து உரல் மாதிரி வீங்கியது. தொட்டியைச் சாய்த்தேன், ஒரு படி தண்ணீர் வடிந்தது. இலையில்லாத மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மண் மேலாகக் காய்ந்தால் ஒரு டம்ளர். வாசலில் கட்டையைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். நாலு நாளில் கால் வற்றியது.

அதற்குள் மழை வலுத்தது. மலையை யார் கேட்பது?

தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, எங்கள் வீட்டு உள்சுவரிலேயே கரியால் இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். என் பேரும் இருந்தது. எழுதுவது சுலபம். விடிந்ததிலிருந்து சரிவில் நின்று முதுகில் கூடையோடு கொழுந்து பறித்து, எடை போட்டு, விறகு பொறுக்கி, சோறாக்கிப் போட்டவள் எத்தனை மணிவரை முழித்திருப்பாள்? சுவரில் சாய்ந்தவர்கள் சாய்ந்த இடத்திலேயே தூங்கினார்கள். காலையில், முழித்திருந்தாயா என்று கேட்டால், முழித்திருந்தேன் என்றார்கள். இருபத்திரண்டு வீடும் வேலைக்குப் போகிற வழியில் கொட்டாவி விட்டது. கண்ணடியில் எல்லோருக்கும் கருவளையம். மேஸ்திரி லோகிதாசன், இதென்ன லைனா, எழவு வீடா என்று திட்டினான். அடுத்த நாள் அவன் முறை. அதற்கடுத்த நாள் திட்டவில்லை.

பூங்காவனத்தின் முறையன்று அவள் தூங்கிவிட்டாள். காலையில் பார்த்தால் அவள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு டிராக்டர் மண் இறங்கிக் கிடந்தது. அம்மியைக் காணோம். அம்மி இருந்த இடத்துக்கும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் படுத்திருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூங்காவனம் அந்த மண்ணின் மேல் ஏறி நின்று ரொம்ப நேரம் கீழே வரவில்லை.

மார்கழியில் நான் கண்ணுக்குப் புரை எடுக்க முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. ஆறு நாள். மரத்தையும் திரேசம்மாவையும் பூங்காவனத்திடம் விட்டுப் போனேன். வீட்டுக்குள் வந்து போகிறவள் அவள்தான். மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். ஜன்னலடியில் தொட்டி இல்லை. திரேசம்மாவின் உடம்பு கொதித்தது. கண் மூடியபடியே அவளுடைய இரண்டு கையும் எழும்பி, காற்றில், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தன. எஸ்டேட்டில் இந்த மாதத்தில் சூடான இடம் ஒன்றுதான். ஃபாக்டரிக்கு நடந்தேன். இலை வாட்டுகிற மாடியில், கீழேயிருந்து வெந்நீராவி மாதிரி காற்று வருகிற தட்டியோரமாக, ஒரு முக்காலியின் மேல் மரம் இருந்தது. பக்கத்தில் பூங்காவனம். புதுக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது: இரண்டு மாதம் கழித்து வர வேண்டிய மொட்டெல்லாம் முனை சிவந்து வீங்கியிருந்தது.

"திட்டறதுன்னா திட்டுங்க மாமா" என்றாள். "நான் ஒரே ஒரு ராத்திரி முழிச்சேன். அதையும் முழுசா முழிக்க முடியல. என் பிள்ளைங்க சுவத்துக்கு அந்தாண்ட படுத்திருக்குதுங்க. அக்கா எந்திரிச்சா எல்லாரும் தூங்கலாம்."

"லைனுக்கு ஒரு நாய் வாங்கு. அவளை விடு."

வாட்டின இலை வாசனை மூச்சை அடைத்தது.

"உனக்கு ஒரு ராத்திரி" என்றேன். "அவளுக்கு எத்தனைன்னு எப்பவாவது கேட்டியா?"

"கேட்டதில்ல மாமா."

"நானும் கேட்டதில்ல."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. பூங்காவனம் முந்தானையை அவிழ்த்து மரத்தைச் சுற்றி மூடி, குளிர் ஒரேயடியாக அறையாமல் நெஞ்சோடு அணைத்து, தானே லைன்வரை தூக்கிக்கொண்டு வந்தாள். படி இறங்குகையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கொடு என்றேன். கொடுக்கவில்லை. நாளுக்கு ஒரு அடியாகச் சூட்டிலிருந்து நகர்த்தி, அடுப்படியிலிருந்து கதவடிக்கும் கதவடியிலிருந்து ஜன்னலடிக்கும் கொண்டுபோனோம். திரேசம்மாவின் கைகள் மெல்ல மெல்லக் கிள்ளுவதை நிறுத்திப் பக்கத்தில் படுத்தன. கிறிஸ்துமஸ் வந்தது, நட்சத்திரம் கட்டினோம், உள்ளே விளக்குப் போடவில்லை.

அதற்குப் பிறகுதான் முறை முறையாக நடந்தது. வீட்டுக்கு ஒருவர் என்பதை மாற்றி, இரண்டு வீட்டிலிருந்து இருவர் என்று பூங்காவனம் கரியால் திருத்தினாள். களைத்தவனைக் களைத்தவன்தான் எழுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு. ஒருவர் கொட்டாவி விட்டால் மற்றவர் தட்டைத் தட்டுவது என்று ஏற்பாடு. தட்டுச் சத்தம் கேட்டுக் கேட்டு யாருக்கும் நல்ல தூக்கம் இல்லை. ஆனால் யாருக்கும் தூக்கம் சுத்தமாக இல்லாமலும் போகவில்லை. பதினோரு வருஷம் ஒருத்தி மேல் கிடந்த பாரம் இருபத்திரண்டு வீட்டில் பிரிந்து கிடந்தது, எல்லோருக்கும் கொஞ்சம் இடுப்பு வலித்தது.

தை முதல் வாரத்தில் உறைபனி விழுந்தது. புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெளுத்தது. மூடின மொட்டுக்குப் பனி ஒன்றும் செய்யாது. தொட்டியைக் கோணியால் சுற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால் ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இடது கிளையில், அந்த ஆறு நாள் சூட்டில் வாய் திறந்துவிட்ட மொட்டெல்லாம் கருகின. பிறகு கிளை கருத்தது. நாளுக்கு ஒரு விரற்கடை கருப்பு கீழே இறங்கியது. பட்டை தடிப்பாக இருப்பதால் உள்ளே எதுவரை செத்திருக்கிறது என்று வெளியே தெரியாது. பெஞ்சமின் வந்து, திரேசம்மாவின் மரத்துப்போன இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வெட்டினால் தண்டு பிழைக்கும். வெட்டாவிட்டால் கருப்பு தண்டுக்குள் போகும். இது எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை லட்சம் செடியை வெட்டியிருப்பேன், எதையும் கேட்டு வெட்டினதில்லை. வெட்டினால் அவளிடம் எது போகும் என்று பெஞ்சமின் கேட்டார். தெரியாது என்றேன். கையா, காலா, நினைப்பா, எதுவும் தெரியாது. நாலு நாள் கத்தியைத் தீட்டினேன். தீட்டின கத்தியையே தீட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் வேலைக்குப் போகாமல் பூங்காவனம் வந்தாள். தொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டுங்க மாமா. பிடிச்சிருக்கேன்."

"கை நடுங்குது."

"எனக்குந்தான். ரெண்டும் சேர்ந்து நடுங்கினா சரியாயிடும், வெட்டுங்க."

கிளை தண்டில் சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பை விட்டு, சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டினேன். வெட்டுவாயில் ஓரமாகப் பச்சை தெரிந்தது. தேன்மெழுகை உருக்கிப் பூசினேன். பிறகு இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். மூச்சு இருந்தது. பூங்காவனம் போர்வையை விலக்கி, கைவிரல் கால்விரல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபதும் இருந்தன. போனது எதுவோ அது கண்ணுக்குத் தெரிகிற சாமான் இல்லை.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. தை போயிற்று. மாசியும் பாதி போயிற்று. பள்ளிக்கூடத்தில் குருத்தோலை ஞாயிறு பவனிக்குப் பிள்ளைகளை எடுத்தார்கள், டீ விலை இறங்கியது, லோகிதாசன் மகளுக்கு நிச்சயம் ஆயிற்று. மொட்டு மூடியே இருந்தது. தினமும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பட்டையோடு பட்டையாக வைத்துப் பார்ப்பேன். மூக்கு உரசும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனார்கள். கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

மாசி இருபத்தெட்டாம் தேதி, வெட்டின இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, மொட்டே இல்லாத கரட்டுப் பட்டையின் வெடிப்புக்குள்ளிருந்து, எறும்புத் தலை அளவுக்குச் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் மரம் முழுக்க அப்படி. மூன்று மணிக்குத் திரேசம்மா தண்ணீர் கேட்டாள்.

மூன்று டம்ளர் குடித்தாள். என்ன மாதம் என்று கேட்டாள். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், சொன்னேன், மறுபடி கேட்டாள். இரண்டாம் தடவையும் சொன்னேன், திரும்பவில்லை. எழுந்து வலது பக்கம் போய்ச் சொன்னதும் திரும்பினாள்.

"இந்தக் காதுல ஒண்ணும் கேக்கல" என்று இடது காதைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். அதையே தேய்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

லைன் திரண்டு வந்தது. ஒருத்தி காப்பி, ஒருத்தி ரசம். வாசலிலும் ஜன்னலிலும் தலையாக இருந்தது. நூற்றுச் சொச்சம் நாள் தூங்கி எழுந்தவளிடம் கேட்க ஆயிரம் இருக்கும்; எல்லோரும் கொழுந்து விலையையும் லோகிதாசன் மகள் நிச்சயத்தையும் பேசினார்கள். கேட்க வந்ததை ஒருவரும் கேட்கவில்லை. நாலு மணிக்கு மேலே மலையில் இடி இடித்தது. கோடைமழைக்கு முன்னால் வருகிற அந்த வாசனை உள்ளே வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

திரேசம்மா சுவரைப் பார்த்தாள். கரியில் எழுதின பேர்களை மேலிருந்து கீழே, அடித்துத் திருத்தினதையும் சேர்த்து, உதடு அசைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடிக்க நேரமாயிற்று.

"இன்னிக்கு யாரு?"

"நம்ம வீடும் பூங்காவனம் வீடும்" என்றேன்.

"நம்ம வீடுன்னா?"

"நான்."

என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி எப்போது வந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"தூங்கிடாதீங்க" என்றாள். கேட்கிற வலது காதைத் தலையணையில் வைத்து, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாள்.

ஒவ்வொருவராக வெளியே போனார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. பூங்காவனம் தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, தட்டோடு வந்து சுவரின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நான் இந்தக் கோடியில். மழை பிடித்துக்கொண்டது. சுவரில் முதுகை வைத்தேன். மலை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. பூங்காவனம் தட்டைத் தட்டினாள், விரல் நுனியால், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.